வண்டிகள் போன வழி

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போகும் வண்டிகளை எண்ணிச் சொன்னால், சாலையை அகலப்படுத்தலாமா என்று பார்க்கலாம் என்றார் ஓவர்சியர். சந்திப்பில் நாற்காலி போட்டு, தாளும் பென்சிலும் கொடுத்து என்னை உட்கார வைத்தார். இழை எண்ணிப் பழகிய நெசவுக்காரனுக்கு வண்டி எண்ணுவது பெரிய வேலையா என்ன?

விடிந்தது, வெயிலும் ஏறியது. ஒரு வண்டியைக் காணோம். மற்ற நாட்களில் அங்கே மாட்டுக் கொம்பில் இடிபடாமல் சாலையைக் கடக்க முடியாது. மண்டிக்கு விடுமுறையா, எனக்குத்தான் கண் கெட்டுவிட்டதா என்று ஒன்றும் விளங்கவில்லை. ஓவர்சியர் வந்து வெற்றுத் தாளைப் பார்த்தார்.

"தூங்கிட்டியா, கைலாசம்?"

நொந்துபோய் வீடு திரும்பினால் எங்கள் தெருவில் ஒரே கூச்சல். என் மனைவி ராஜம்மாள் தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்து, இழை உறுதிப்படக் கஞ்சி போட்டிருந்தாள். அதன்மேல் வண்டிகள் ஏறிப் போயிருந்தன. பாதி இழைகள் அறுந்து மண்ணில் கிடந்தன. கூலிக்கு நெய்யச் சொல்லி முதலாளி கொடுத்த நூல் அது. இன்னொரு பாவு கெட்டால் இனி நூலே கிடையாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

கடைசியாக வந்த வண்டியை மறித்தேன். வெண்ணந்தூர்க் கருப்பண்ணன் ஓட்டி வந்தான்.

"பெரிய ரோடு இருக்கறப்ப இந்தத் தெருவுல ஏம்ப்பா வாரே?"

"அங்க ஒருத்தன் குந்திக்கிட்டு வண்டியெல்லாம் எழுதறானாமுங்க. வண்டிக்கு வரி போடத்தான்னு பேசிக்கறாங்க."

அந்த ஒருத்தன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வண்டிகள் எங்கள் தெரு வழியாகப் போவதை ஓவர்சியரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. சாலையில் உட்கார், இல்லையென்றால் வேறு ஆள் போடுகிறேன் என்றார். இரண்டு நாள் சாலையில் உட்கார்ந்துவிட்டு வந்து, இரவில் நானும் ராஜம்மாளும் அறுந்த இழைகளை முடிந்தோம். மூன்றாம் நாள் காலை அவள் மறுபடியும் பாவை விரித்தாள்.

"நீங்க வேலைக்குப் போவலீங்களா?"

"போவல."

நாற்காலியைத் தெருமுனையில் போட்டு, தாளை மடியில் வைத்துக்கொண்டேன். முதலில் வந்தவன் கருப்பண்ணன். என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்கதானுங்களா அது? அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டமுங்களே."

மாட்டைத் திருப்பிக்கொண்டு போனான். பின்னால் வந்தவர்களும் திரும்பினார்கள்.

பெரிய சாலையில் ஓவர்சியர் புதிதாக வைத்த ஆளும் அன்று ஒரு வண்டியைக்கூடப் பார்க்கவில்லையாம். மண்டியில் மட்டும் மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. அவை எந்த வழியாக வந்தன என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. என் வேலை போய்விட்டது. ராஜம்மாள் ஓர் இழைகூட அறாமல் பாவைச் சுருட்டி எடுத்தாள்.