இருட்டியபின் ஒரு தட்டு சோறு

சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று என் வீட்டுக்காரர் மூன்று நாளாகப் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பாட்டு ரூம்னா பாத்தவுடனே உக்காரத் தோணணுமாம் குசுமா," என்றார். காரை உதிர்வதைக் காட்டி முப்பத்தைந்து வருடம் நான் கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர். பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, ஏதோ செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து தருமன் வந்து பெயிண்ட் அடித்தான். பழுத்த எலுமிச்சை நிறம். மாத்திரை டப்பா, பழைய பேப்பர், ரேஷன் பை எல்லாவற்றையும் சுமந்து ஆடிக்கொண்டிருந்த மேசை போய், நான்கு நாற்காலியோடு தேக்கு மேசை வந்தது. இருப்பது நாங்கள் இரண்டு பேர். மற்ற நாற்காலி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பிள்ளை சுதர்சன் பேரை எடுக்க வேண்டிவரும், எடுத்தால் எனக்கு அழுகை வந்துவிடும்.

கடைசியாக, மேசைக்கு மேலே தொங்கவிட ஒரு மஞ்சள் விளக்கு வாங்கி வந்தார். தருமனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாம்மா இது? பொழுது போனா உங்க வீட்ல தண்ணிகூட குடிக்க மாட்டீங்க. சாப்புடற எடத்துல லைட்டு யாருக்கு?"

நாங்கள் ஜைனர். இருட்டியபின் ஒரு பருக்கை வாயில் படக்கூடாது. எங்கள் ஆட்களிலேயே பாதிப்பேர் இப்போது அப்படி இப்படித்தான், ஆனால் இவருக்கு அது உயிர். தருமன் ஏறிய ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கு யாருக்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்று வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து என் பிள்ளை ராத்திரி எட்டு மணிக்கு வந்தான். மதியமும் சாப்பிடவில்லையாம். நான் சோறு போட்டு வைத்தேன். இவர் வந்து, அவன் கை வைக்கும்போதே தட்டை எடுத்துவிட்டார். "இது ஓட்டல் இல்ல," என்றார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனான். அதன்பிறகு பொங்கலுக்கு வருவான், தீபாவளிக்கு வருவான், சாப்பிட மட்டும் மாட்டான். "பசிக்கலம்மா" என்பான். பெற்ற வயிறு எரியாதா? இவரிடம் நான் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. இவரோ ஒருநாளும் தப்பு என்று சொன்னதில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். மோர்க்குழம்பும் வாழைக்காய் வறுவலும் செய்து வைத்தேன். கிரிவலத்துக்கு வந்த பவுர்ணமிக் கூட்டம், பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆறாயிற்று. "நீங்களாவது சாப்புடுங்க," என்றேன். "வரட்டும்," என்றார்.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நடந்து வந்து சேர்ந்தபோது ஏழரை. இவரே போய் விளக்கைப் போட்டார், நாற்காலியை இழுத்தார்.

"உக்காருப்பா. குசுமா, ரெண்டு தட்டு வை."

இருட்டியபின் இவருக்குமா என்று இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு தட்டு வைத்தேன். சோற்றைப் போட்டேன். சுதர்சன் உட்கார்ந்தான். சுவரைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான்.

"ரூம் நல்லா இருக்குப்பா," என்றான். "ஆனா நான் வர்ற வழியில செஞ்சி ஊர்லயே சாப்ட்டுட்டேன். வெளிச்சம் இருக்கறப்பவே. உங்க வீட்டுக்கு லேட்டா வந்து தொந்தரவு பண்ணக் கூடாதுல்ல?"

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. நல்ல மரியாதையாக, விருந்தாளி சொல்வதுபோலச் சொன்னான்.

"சரிப்பா," என்றார் இவர். குழம்பை ஊற்றிப் பிசைந்தார்.

"அப்பா, வேணாம்ப்பா. மணி பாருங்க."

இவர் பார்க்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக, இருட்டியபின் ஒரு கவளத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். மகன் முகத்தையே பார்த்தபடி மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அது உள்ளே இறங்கவில்லை.