கலாவதியின் பனிக்காலப் பயிற்சி

சான் ஹோசேயில் அந்த ஜனவரி முழுக்க மழை. மழை பெய்யாத நாளில் கலாவதிக்கு ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் இல்லாத நாளில் மகன் இனியனுக்குத் தமிழ் வகுப்போ, யாராவது ஒரு பிள்ளையின் பர்த்டே பார்ட்டியோ இருந்தது.

அவள் ஒரு சிப் கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். மே மாதம் ஆபீஸ் நண்பர்களோடு மவுண்ட் ஹாமில்டன் உச்சிவரை சைக்கிளில் ஏறுவதாகப் பெயர் கொடுத்திருந்தாள். அதற்காக விடியற்காலையில் கராஜில் சைக்கிளின் பின் சக்கரத்தை ஓர் உருளையில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிப்பாள். உடம்பு சூடாகும் நேரத்தில் நாலு வயது மகள் வெண்பா கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவாள். "அம்மா, டூ லவுட்!" அவ்வளவுதான், இறங்க வேண்டியதுதான். கணவன் சேனாபதி எதையும் தடுத்ததில்லை. தூங்கிக்கொண்டிருப்பான்.

குடும்ப நண்பர்களான கிட்டுசாமியும் மரகதமும் பனிமலை ஏரியான லேக் டாஹோவுக்கு ஒரு வீக்கெண்ட் கூப்பிட்டபோது கலாவதி உடனே சரி என்றதற்குக் காரணம் இருந்தது. சமவெளிப் பனியில் சறுக்கி நடக்கும் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ, சைக்கிளுக்கு வேண்டிய அதே காலுக்கும் மூச்சுக்கும் நல்ல பயிற்சி என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். தனக்கென்று ஸ்கீயும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்துக் கார் கூரையில் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை வெண்பாவுக்கு மூக்கு ஒழுகியது.

"ஒருத்தர் இவளோட இருக்கணுமே," என்றான் சேனாபதி, ஜாக்கெட்டை மாட்டியபடியே. "இனியனுக்கு ஸ்கீ லெசன் புக் பண்ணியாச்சு. நீ நாளைக்குப் போயேன் கலா."

ஆண்கள் இருவரும் இனியனைக் கூட்டிக்கொண்டு மலைச்சரிவுக்குப் போனார்கள். கலாவதி, தங்கியிருந்த கேபினில் வெங்காயம் உரித்தாள்.

"நம்மளுக்கு எதுக்கு இந்தக் குளிர்ல விழுந்து எந்திரிக்கிறது?" என்றாள் மரகதம். "சூடா சாம்பார் வெச்சா வந்து சாப்பிடுவாங்க பாருங்க."

"எனக்கு விழணும்ங்க," என்றாள் கலாவதி. மரகதம் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள்.

ஞாயிறு காலை ரேடியோவில் பனிப்புயல் எச்சரிக்கை வந்தது. சீக்கிரம் கிளம்பினால் தப்பிக்கலாம் என்று கிட்டுசாமி அவசரப்படுத்தினார். கலாவதி பிரஷர் குக்கரைத் துடைத்து டிக்கியில் வைத்தாள். ஆனால் தப்பிக்க முடியவில்லை. வழியில் ஒரு டிரக் குறுக்கே திரும்பி நின்றுவிட, ஃப்ரீவேயை மூடிவிட்டார்கள். போலீஸ் எல்லாக் கார்களையும் ஒரு சின்ன ஊருக்குள் இறக்கிவிட்டது. பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷன் ஒன்றின் ஓரத்தில் இரண்டு குடும்பங்களின் கார்களும் நின்றன. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம், ஒரு காலடிகூடப் படாத பனியோடு கிடந்தது.

கலாவதி இறங்கிக் கூரையிலிருந்த கயிற்றை அவிழ்த்தாள்.

"என்ன பண்றே? இந்த ஸ்னோல?" என்றான் சேனாபதி.

"வெண்பாவப் பாத்துக்குங்க," என்றாள்.

முதல் ஐந்தடியிலேயே விழுந்தாள். எழுந்தாள். ஒரு கால் முன்னே போக, மறு கால் எங்கோ போயிற்று. ஆபீஸில் சொன்ன வழுக்கும் சுகம் எதுவும் வரவில்லை. பனி கண்ணுக்குள் அடித்தது, கையுறைக்குள் தண்ணீர் இறங்கியது. வேலியைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் இரண்டாவது சுற்றைத் தொடங்கினாள்.

"கலா! ரோடு ஓபன் ஆயிடுச்சு! கிட்டு கிளம்பிட்டாரு!" சேனாபதி வேலிக்கு அப்பால் கத்தினான்.

அவள் நிற்கவில்லை. அந்தச் சுற்றையும் முடித்த பிறகுதான் வந்தாள். அதற்குள் அவர்களுக்கு முன்னால் நீளமான கார் வரிசை சேர்ந்துவிட்டிருந்தது.

கார் ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தது. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிப்போனார்கள்.

"இப்ப சந்தோஷமா?" என்றான் அவன்.

"இல்லீங்க. எனக்கு அது வரவேயில்ல. நேத்தே போயிருந்தா இன்னிக்குக் கொஞ்சம் வந்திருக்கும்." ஈரக் கையுறையைக் கழற்றினாள். "செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் நீங்க எந்திரிச்சுக் குழந்தைங்களக் கிளப்புங்க. டேகேர் டிராப்பும் நீங்கதான். நான் வெளிய போய் சைக்கிள் ஓட்டணும்."

"எனக்கு எட்டு மணிக்கு மீட்டிங் இருக்கு கலா."

"எனக்கும் இருந்துச்சு. வெண்பா பொறந்ததிலிருந்து என் மீட்டிங்கத் தள்ளிப் போட்டுட்டே இருக்கேன். ஒரு நாளாவது கேட்டீங்களா?"

வைப்பர் இரண்டும் பனியைத் தள்ளித் தள்ளி ஓய்ந்துகொண்டிருந்தன. "செவ்வாய் பாத்துக்கறேன்," என்றான் கடைசியில். "வியாழன் முடியாது."

பாதிதான் கிடைத்தது. கிடைத்ததை எடுத்துக்கொண்டாள், கோபம் தீரவில்லை.

செவ்வாய்க்கிழமையும் மழைதான். ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கராஜிலிருந்து சைக்கிளைத் தள்ளியபோது உள்ளே வெண்பா வீறிட்டாள். "வெண்பா சாக்ஸ் எங்கே?" என்று சேனாபதி மாடியிலிருந்து கத்தினான்.

"தேடுங்க," என்று சொல்லிவிட்டு, கலாவதி தெருவில் இறங்கினாள்.