துவைத்த ஸ்வெட்டர்

கார் கிளம்பி மூன்று மணி நேரம் வரைக்கும் லாண்டரியம்மாவுக்குத் தான் செய்துவைத்த காரியம் என்னவென்று தெரியாது. தெரியாத வரைக்கும் நிம்மதியாக இருந்தாள் என்று சொல்லிவிட முடியாது. பெற்ற பிள்ளையைக் காணோம் என்று கிளம்பியவளுக்கு ஏது நிம்மதி? இருந்தாலும் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் மகனுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர். அதைத் தடவிக்கொண்டே போனதில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

முந்தின நாள் மதியம் ஃபோன் வந்தது. சின்னவன் வேலை பார்ப்பது ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு கடற்கரையில், வானிலை நிலையத்தில். நான்கு ஆண்கள், ஒரு வீடு, சுற்றிலும் காற்று. காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் குறித்து அனுப்புகிற உத்தியோகம். காலை எட்டு மணிக்கு வடக்கே இருக்கிற கருவியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. கொட்டின பனியில் கால் தடம்கூட மிச்சமில்லை. இந்தக் காற்றில் ஹெலிகாப்டர் பறக்காதாம்.

பெரியவள் தீயணைப்புத் துறையில் இருக்கிறாள். காணாமல் போனவர்களை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கிற நாய் அவள் பொறுப்பில். எதைப் பார்த்தாலும் ஒரு சுற்று சுற்றிவந்து மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காரும் என்பதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர். சாயங்காலம் அம்மாவுக்கு ஃபோன் செய்து, "லீவுக்கு வந்தப்போ அவன் போட்டுக் கழட்டின ஸ்வெட்டர் இருக்குல்ல, அதை எடுத்து வை, விடியறதுக்கு முன்னாடி கிளம்பறோம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நீ வரவேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தாள். அது நடக்கிற காரியமா?

எட்டு மணி நேரப் பயணம். இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் கறுப்பாக ஒரு கோடு, அதுதான் ரோடு. பின்சீட்டில் இருந்த மேஸ்திரி லாண்டரியம்மாவின் தோளில் மூஞ்சியை வைத்துக்கொண்டு சூடாக மூச்சு விட்டது. அவளுக்கு நாய் என்றாலே ஆகாது. முடி கொட்டும், நாற்றம் அடிக்கும். இதைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லேன் என்று மகளிடம் முணுமுணுத்தாள்.

"திட்டாதே. அதோட மூக்கை நம்பித்தான் போறோம்" என்றாள் பெரியவள். பிறகு, அம்மாவுக்குத் தைரியம் வரட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, நாய் எப்படித் தேடும் என்று விளக்கினாள். ஆளுக்கு ஆள் உடம்பு வாசனை வேறாம். அவன் போட்ட துணியை ஒரு தடவை மோந்துவிட்டால் போதுமாம், அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே போய் ஆளின் முன்னால் நிற்குமாம். நாலு நாள் போட்ட ஸ்வெட்டர், கம்பளி வேறு, இதைவிட நல்ல சாமான் கிடைக்காது என்றாள்.

தடவிக்கொண்டிருந்த கையை லாண்டரியம்மா பையிலிருந்து எடுத்தாள்.

இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. ரத்தம், சீழ், மருந்து, எந்தக் கறையாக இருந்தாலும் அவள் கைக்குப் போனால் காணாமல் போகும். அவள் துவைத்த போர்வையில் போன நோயாளியின் வாசனை இருந்ததாக ஒருத்தரும் ஒரு புகார் சொன்னதில்லை. மனசு சரியில்லை என்றால் மற்றவர்கள் சாமி கும்பிடுவார்கள், இல்லை அழுவார்கள். இவள் துவைப்பாள். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த ஸ்வெட்டரைக் கையில் எடுத்தாள். கழுத்துப் பட்டையில் அழுக்கு. பிள்ளை கிடைத்ததும் குளிரில் நடுங்கிக்கொண்டு வருவானே, போட்டுக்கொள்ள சுத்தமாக ஒன்று வேண்டாமா? அதற்காகத்தான் எடுத்து வைக்கச் சொல்கிறாள் என்று நினைத்தாள். வேறு எதற்கு என்று நினைப்பாள் ஒரு தாய்?

மகள் பார்க்காதபோது பையைக் கொஞ்சம் பிரித்து மூக்கை வைத்துப் பார்த்தாள். எலுமிச்சை சோப்பு வாசனை கமகமவென்று வந்தது. பிள்ளையின் வாசனை மருந்துக்குக்கூட இல்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரே ஒரு நாள் தன் வேலை மட்டமாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினாள்.

சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும்? திரும்பிப் போய் வேறு துணி எடுக்கலாம் என்றாலும் அவள் வீட்டில் அழுக்குத் துணி என்று ஒன்று ஒரு நாளும் தங்கினதில்லை. மூன்று மணி நேரம் அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தாள். மகள் வண்டியை ஓரங்கட்டி ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தபோது, குடிக்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். குளிரா அம்மா என்று கேட்டாள் அவள். ஆமாம் என்றாள் இவள்.

மலை இறக்கத்துக்கு முன்னால் ரோட்டில் ஒரு கேட் போட்டிருந்தார்கள். பனி தள்ளுகிற வண்டி முன்னால் போய் வழி விட்ட பிறகுதான் மற்ற வண்டிகளை விடுவார்களாம். பெரியவள் இன்ஜினை அணைத்துவிட்டு மணியைப் பார்த்தாள். பன்னிரண்டேகால். நாலு மணிக்கு இருட்டிவிடும். இருட்டறதுக்குள்ள கிடைச்சாகணும்மா, இன்னொரு ராத்திரி தாங்காது என்றாள். அதற்கு மேல் லாண்டரியம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"அதைத் துவைச்சுட்டேன்டி."

"எதை?"

"இதைத்தான்."

பெரியவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பையை வாங்கி, பிரித்து, மோந்து பார்த்தாள். இஸ்திரி போட்டு மடித்திருந்த மடிப்பைப் பார்த்தாள்.

"ஒரு தடவையா?"

"ரெண்டு தடவை."

பெரியவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கதவைத் திறந்து இறங்கி, பனியில் பத்தடி போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். லாண்டரியம்மா நாயைப் பார்த்தாள். நாய் அவளைப் பார்த்தது. பாவி, பிள்ளையை என் கையாலேயே துவைத்து அழித்துவிட்டேனே என்று அதனிடம் வாய்விட்டுச் சொல்லி அழுதாள்.

கேட் திறந்ததும் மகள் வந்து ஏறினாள். கண் சிவந்திருந்தது. நான் சரியாச் சொல்லியிருக்கணும், தப்பு என் மேலதான் என்று மட்டும் சொன்னாள். அங்கே அவன் சாமான் இருக்கும், நாலு பேர் கை பட்டதாக இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. அங்கே ரேடியோக்காரர் மட்டும் இருந்தார். நிலையத் தலைவரும் மெக்கானிக்கும் வடக்கே தேடப் போயிருந்தார்கள், நேற்றிலிருந்து மூன்றாவது தடவையாக. அவன் ஒருத்தன் மட்டும் தொட்ட பொருள் ஏதாவது வேண்டும் என்றாள் பெரியவள். ரேடியோக்காரர் தலையைச் சொறிந்தார். நான்கு ஆண்கள் ஒரு வீட்டில் இருந்தால் சீப்புகூடப் பொதுச் சொத்துதானே. துண்டு பொது, சாக்ஸ் பொது, அழுக்குக் கூடை ஒன்றே ஒன்று. கட்டில்கூட ஷிஃப்ட் கணக்குதான். சின்னவன் பகலில் தூங்கி எழுந்த கட்டிலில் மெக்கானிக் ராத்திரி தூங்குவார்.

பெரியவள் அந்தக் கட்டிலின் போர்வையை எடுத்தாள். "இதுல ரெண்டு பேர் வாசனைதான் இருக்கு. மெக்கானிக்கைத் திரும்பி வரச் சொல்லுங்க."

ரேடியோக்காரருக்குப் புரியவில்லை. லாண்டரியம்மாவுக்கும் புரியவில்லை. இருக்கிற இரண்டு பேரில் ஒருத்தர் கண் முன்னால் நின்றால், அவரை மோந்து பார்த்துக் கழித்துவிட்டு, மிச்சம் இருக்கிற ஆளைத்தான் நாய் தேடிப் போகுமாம். மெக்கானிக் இங்கே இல்லை என்றால், அவர் இன்று நடந்த புதுத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நேராக அவரிடமே போய் நின்றுவிடுமாம்.

வயர்லெஸ்ஸில் மெக்கானிக் எகிறினார். தேடுகிறவனைக் கூப்பிட்டு நாய்க்கு மோந்து பார்க்கக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். வர ஐம்பது நிமிஷம் ஆகும் என்றார். வாருங்கள் என்றாள் பெரியவள். அந்த ஐம்பது நிமிஷத்தை லாண்டரியம்மா எப்படித் தள்ளினாள் என்று அவளைத்தான் கேட்கவேண்டும். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலில் வெளிச்சம் மங்குகிறதா என்று பார்த்தாள். நாயை இப்போதே அவிழ்த்து விடேன் என்று இரண்டு தடவை கெஞ்சினாள். மகள் அசையவில்லை.

மூன்று பத்துக்கு மெக்கானிக் வந்து கதவருகில் நின்றார். இடுப்பு வரைக்கும் பனி, மூச்சு இரைத்தது. பெரியவள் போர்வையை நாயின் முன்னால் விரித்தாள். மேஸ்திரி நிதானமாக மோந்தது. நேராக மெக்கானிக்கிடம் போய் முழங்காலை மோந்தது. நாய் தலையைத் தூக்கியது, திரும்பியது, வெளியே ஓடியது.

எல்லோரும் வடக்கே பார்த்தார்கள். நாய் வீட்டை ஒரு சுற்று சுற்றியது. திரும்ப மெக்கானிக்கிடம் வந்தது. போச்சு, அவ்வளவுதான் என்று லாண்டரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நாய் அவரைத் தாண்டி, ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், தெற்குச் சரிவில் இறங்கியது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லையே என்றார் ரேடியோக்காரர். வீட்டிலிருந்து முந்நூறு அடிகூட இருக்காது. ஒரு பனி மேட்டின் மேல் நின்று, நாய் இரண்டு காலாலும் பறித்துக்கொண்டே குரைத்தது.

"பழைய கிணறு" என்றார் மெக்கானிக்.

முன்பு அலையின் உயரத்தை அளப்பதற்காகத் தோண்டிய கிணறு. மூடி பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். மண்வாரியால் பனியைத் தள்ளினார்கள். மரமூடியில் இரண்டு பலகை உடைந்து உள்ளே தொங்கியது. காற்றில் மூடி அடித்துக்கொள்கிறதே, வடக்கே போவதற்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று வந்து கால் வைத்திருக்கிறான். மேலே சரிவிலிருந்து பனி சரிந்து மூடிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இருபதடி ஆழத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு கல் திட்டில், சின்னவன் சுருண்டு கிடந்தான். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"டேய், கேக்குதா?" என்றாள் பெரியவள்.

கீழேயிருந்து தொண்டை கட்டின குரல் வந்தது. "நேத்துலேருந்து கேக்குது. நீங்க எல்லாரும் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே தூரமா போறது கேட்டுச்சு."

மெக்கானிக் பனியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஏணிக் கம்பிகள் துருப்பிடித்து விழுந்திருந்தன, இறங்க வழியில்லை. கயிறும் தூக்குப் படுக்கையும் வைத்திருக்கிற மீட்பு வண்டி துறைமுகத்திலிருந்து வர நாற்பது நிமிஷம் ஆகும். போர்வையையும் வெந்நீர்ப் பையையும் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அவன் கை எடுத்துச் சுற்றிக்கொள்ளவே வெகு நேரம் ஆனது. கண் சொக்குகிறது என்றான்.

"அம்மா, அவன் தூங்கக்கூடாது. பேசு. என்னத்தையாவது பேசிக்கிட்டே இரு" என்றாள் பெரியவள்.

லாண்டரியம்மா கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்தாள். என்ன பேசுவது? கண்ணே மணியே என்று கொஞ்சிப் பழக்கம் கிடையாது. தெரிந்ததைத் தொடங்கினாள். திட்டினாள். ஏண்டா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு, மூடின கிணத்து மேல எவனாவது கால் வைப்பானா என்று தொடங்கி, ஊரில் இல்லாத உத்தியோகம் உனக்கு மட்டும் வந்து வாய்த்ததே என்று போய், மூன்றாம் வகுப்பில் மரத்திலிருந்து விழுந்தது, சைக்கிளோடு சாக்கடையில் இறங்கியது, கிடைத்த நல்ல பெண்ணைப் பிடிக்கவில்லை என்று சொன்னது, ஃபோன் செய்தால் எடுக்காதது, ஒன்றையும் விடவில்லை. கீழேயிருந்து அவ்வப்போது ம் என்று சத்தம் வந்தது. ஒவ்வொரு ம்முக்கும் அவளுக்கு உயிர் போய்ப் போய் வந்தது. வெளிச்சம் மங்கியது. ம் வர வர இடைவெளி நீண்டது. அவள் குரலை இன்னும் உயர்த்தினாள். நான் செத்தால் கொள்ளி போட நீ வேணுமேடா என்று சொல்ல வந்தவள், பாதியிலேயே நிறுத்திவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

கீழே ஒரு சத்தமும் இல்லை. பெரியவள் டார்ச்சை எட்டிப் பிடித்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் மீட்பு வண்டியின் இன்ஜின் சத்தம் கேட்கத் தொடங்கியது. கிணற்றுக்குள் யாரும் அசையவில்லை.

"ஏம்மா நிறுத்திட்டே?" என்றான் சின்னவன்.

லாண்டரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் திட்ட ஆரம்பித்தாள்.