கிரேன் மேலே தாகம்

இரண்டு வாரமாகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தேன். கிரேன் ஓட்டுபவனுக்குச் சிறுநீர் வந்தால் நாற்பது மீட்டர் ஏணியில் இறங்கி மறுபடி ஏற வேண்டும். அதுவரை கீழே கட்டட வேலை முழுக்க நிற்கும். ஒரே நாளில் ஆறு தடவை இறங்கினேன்.

கீழிருந்து எனக்கு வயர்லெஸ்ஸில் வழி சொல்பவன் என் மனைவியின் தம்பி.

"மறுபடியுமா மாமா? பேசாம கிரேனுக்கே ஒரு குழாய் போட்டுடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நிறையக் குடிக்கிறேன், அதனால் நிறையப் போகிறது. குடிப்பதை விட்டால் நின்றுவிடும். அப்படித்தான் நினைத்தேன். நிற்கவில்லை. குடித்ததைவிட அதிகமாகப் போனது. எங்கிருந்து வருகிறது இவ்வளவும்? மேலே தனியாக உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தாங்க முடியாதபோது ஒரு பாட்டில் ஆரஞ்சு ஜூஸ். தண்ணீர்தானே கூடாது.

"கன்னம் ஒட்டிப்போச்சு. டாக்டரைப் பாருங்க," என்றாள் மனைவி. வெயில் என்றேன்.

அன்று காலை இரண்டு டன் கம்பிக்கட்டைத் தூக்கி ஆறாவது மாடிக்கு மேலே கொண்டுவந்திருந்தேன். அங்கே ஐந்து பேர் அண்ணாந்து நின்றார்கள். அதில் மஞ்சள் தொப்பி போட்டவன் மச்சான்.

"மெதுவா இறக்குங்க மாமா."

இறக்குவது என்றால் என்னவென்று தெரிந்தது. எந்தக் கையால் என்று தெரியவில்லை. பதினெட்டு வருடம் பிடித்த இரண்டு பிடிகளும் யாரோ கொண்டுவந்து வைத்தவை போல இருந்தன. இடது பிடியை அசைத்தேன். கட்டு இறங்கவில்லை, பக்கவாட்டில் நகர்ந்து அவர்கள் தலைக்கு மேல் ஆடியது.

"மாமா! தூக்கமா?"

பயம் வரவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. இரண்டு கைகளையும் எடுத்தேன். எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும். இனி இதைச் சொல்லவேண்டும். சொன்னால் வேலையிடம் முழுக்கக் கேட்கும். அப்புறம் யார் என்னை மேலே ஏற விடுவார்கள்?

வயர்லெஸ் பொத்தானை அழுத்தினேன்.

"மச்சான், எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லு. எந்தப் பிடி எதுக்குன்னு எனக்குத் தெரியலை."

"விளையாடாதீங்க மாமா."

"விளையாடலை."

வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரல், வேறொருவனுடையது போல: "கையை மடியிலயே வச்சுக்குங்க. நான் ஏறி வர்றேன்."

இடுப்பில் கயிறு கட்டி என்னை இறக்கினார்களாம். எனக்கு நினைவில்லை. விழித்தபோது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"ரத்தத்துல சர்க்கரை எக்கச்சக்கமா ஏறியிருக்கு," என்றார் டாக்டர். "அது சிறுநீர்ல வெளியே போகும்போது உடம்புத் தண்ணியையும் இழுத்துட்டுப் போகுது. அதனாலதான் தாகம். நீங்க குடிக்கறதை நிறுத்துனதும் உடம்பு வத்தி, மூளை வரைக்கும் குழம்பிடுச்சு."

"ஜூஸ் குடிச்சேனே."

அவர் என்னைப் பார்த்தார். "அதுலயும் சர்க்கரைதானே."

"கிரேன்ல திரும்ப ஏறலாமா?"

"அதை இப்ப சொல்ல முடியாது."

அவர் போன பிறகு மச்சான் கட்டிலோரம் உட்கார்ந்தான். கிண்டல் எதுவும் இல்லை. வேறு ஆள் வந்து கம்பிக்கட்டை இறக்கிவிட்டார், யாருக்கும் ஒன்றுமில்லை என்றான். கண்ணை மூடி அந்த மாடியில் நின்றவர்களை எண்ணினேன். தச்சர், கம்பி கட்டும் இருவர், சூப்பர்வைசர். மறுபடி எண்ணினேன்.

"நாலு பேர்தான் வருது. அஞ்சாவது யாரு?"



"நான்தான் மாமா."