மடியில் வாங்கிய பை

1

இது எனக்குள் தானாக ஊறி வந்த கதை அல்ல. கேட்டு வாங்கப்பட்ட கதை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தும் சாந்தகுமார் போன் எடுத்தார். "மனிசரில ஒரு நம்பிக்கை வாற மாதிரி ஏதும் எழுதித் தாங்கோ. பெரிய தியாகம் ஒண்டும் வேண்டாம். சின்னச் சின்ன நல்ல காரியங்கள் காணும். சனம் நல்லாக் களைச்சுப் போச்சுது" என்றார். அந்தச் சனத்துக்குள் நானும் அடக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஓம் என்றுவிட்டேன்.

யோசித்துப் பார்த்ததில் அகப்பட்டது ஒன்றே ஒன்று. கொழும்பு பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவரின் பையை, இருக்கிறவர் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். நன்றி சொல்ல வேண்டியதில்லை, முகம் பார்க்கவும் வேண்டியதில்லை. இறங்கும்போது பை திரும்பக் கைக்கு வரும். ஒரு காலத்தில் ஆளில்லாத பையைக் கண்டால் குண்டென்று பஸ்ஸே இறங்கி ஓடிய ஊர் இது. அந்தப் பயம் போய், ஓர் ஈஸ்டர் ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளோடு திரும்பி வந்து, மறுபடியும் கொஞ்சம் போயிருக்கிறது. அப்படியிருந்தும் மடிகள் பை வாங்குவதை அடியோடு விட்டுவிடவில்லை. (ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. தினம் பஸ்ஸில் போய் வருகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "அந்தி மயங்கும் வேளையில், காலி வீதியின் சனத்திரளுக்கு நடுவே, ஒரு பெண்ணின் உள்ளத்தில்..."

விட்டுவிட்டேன். காலி ஊருக்குப் போகிற அந்த வீதியில் எந்த அந்தியும் மயங்குவதில்லை. ஹோர்ன் சத்தத்தில் அதற்கு எங்கே நேரம்?

இரண்டாவது தொடக்கம்: "சுபோதினிக்குக் கால் நொந்தது." இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

சுபோதினிக்குக் கால் நொந்தது. ஐம்பதைத் தாண்டியவள், வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் இருக்கிறாள். கணவர் சுகிர்தன் கன நாளாக ஆஸ்பத்திரியில். அன்று காலை அவருடைய ஈரலிலிருந்து ஊசியால் ஒரு சின்னத் துண்டு எடுத்திருந்தார்கள். சோதனை முடிவு கெதியாக வேண்டுமென்றால் வெளி லாப் ஒன்றில் கொடுக்கலாம் என்று டொக்டர் சொன்னார். கொட்டாஞ்சேனையில் ஒன்று இருந்தது, பின்னேரம் வரைக்கும் திறந்திருக்கும். சதைத் துண்டு கிடந்த சின்னப் போத்தலைப் பொலித்தீனால் சுற்றிச் சுற்றிக் கட்டி, பைக்குள் நேராக நிறுத்தி வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, தெஹிவளையில் பஸ் ஏறினாள். துண்டை எடுத்தபோது சுகிர்தனுக்கு இரத்தம் இலேசில் நிற்கவில்லை. இன்னொரு தரம் எடுத்தால் அவர் தாங்கமாட்டார் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆகவே அந்தப் போத்தல் துலைந்தால் துலைந்ததுதான்.

("ஏன் திறீவீல் பிடிச்சுப் போகேல்லை?" என்று இதை வாசித்த சாந்தகுமார் கேட்டார். களைத்துப்போனவர்கள் பழகிய பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அதற்கு யோசிக்கத் தேவையில்லை.)

3

பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. கம்பியை ஒரு கையாலும் பையை மறு கையாலும் பிடித்தபடி, போத்தல் சரிந்துவிடுமோ என்று பயந்து பயந்து நின்றாள். அப்போது ஒரு கை நீண்டது.

"தென்ன."

தாருங்கள் என்பதற்குச் சிங்களம். சுபோதினி கொடுத்தாள். காலையிலிருந்து எல்லாரும் அவளிடம் எதையாவது தந்துகொண்டே இருந்தார்கள். மருந்துத் துண்டு, ஸ்கான் கவர், போத்தல், புத்திமதி. அவள் கையிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்ட முதல் ஆள் இதுதான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யாருடைய கை அது? "வெள்ளைச் சேலை உடுத்த, கண்களில் கருணை ததும்பும் சிங்கள அம்மா ஒருவர்..." என்று எழுதினேன். வாழ்த்து அட்டை மாதிரி இருந்ததால் வெட்டினேன். "காதில் வயர் செருகிய ஓர் இளைஞன்..." என்று மாற்றினேன். உங்களை ஆச்சரியப்படுத்துவதற்கென்றே பிடித்து இருத்திய பொடியன் அவன். அவனையும் வெட்டினேன். உண்மையில் சுபோதினி பார்த்தது கடிகாரம் கட்டிய ஒரு கையை மட்டும்தான். "தென்ன" என்று கேட்டதால் சிங்களவர் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. முகம் தெரியாதவரிடம் பஸ்ஸில் நாங்களும் அப்படித்தான் கேட்கிறோம்.

4

வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவர்கள் உள்ளேயிருந்து நெருக்கினார்கள். சுபோதினி வாசல் வரைக்கும் தள்ளப்பட்டாள். கைக்குழந்தையோடு ஒருத்தி இறங்க முடியாமல் தவித்தாள். அவளுக்கு வழிவிடுவதற்காகச் சுபோதினி றோட்டில் இறங்கி நின்றாள். எல்லாரும் செய்வதுதான். இறங்கி நின்று, வழி விட்டு, திரும்ப ஏறுவது.

"ஹரி, யமு", சரி போவம் என்றான் கண்டக்டர். பஸ் போய்விட்டது.

ஓடினாள். கத்தினாள். செருப்பு வார் அறுந்தது.

சாந்தகுமார் கேட்ட சின்ன நல்ல காரியங்கள் இரண்டு இப்போது கதைக்குள் வந்துவிட்டன. ஒருவர் பையை வாங்கினார், ஒருத்தி வழிவிட்டாள். இரண்டும் சேர்ந்து போத்தலைப் பஸ்ஸோடு அனுப்பிவிட்டன. இதைப் போனில் சொன்னேன்.  "பாத்துச் செய்யுங்கோ" என்றார்.

5

பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் திறீவீல் ஓடுகிறவர் பௌஸி. தாடியில் நரை விழுந்த மனிதர். அவள் ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"என்ன அக்கா உட்டுட்டீங்க?"

"என்ர பை தம்பி. ஒராள் மடியில வைச்சிருந்தவர். அவற்ற... என்ர மனிசன்ர ஈரல் துண்டு அதுக்குள்ள இருக்கு."

பௌஸி தன் போனை வெளியே எடுத்தார். "உங்கட போன்?"

"அதுவும் பைக்குள்ளதான்."

அவளிடம் நம்பரைக் கேட்டுத் தன் போனில் அழுத்தினார். அடித்தது. யாரும் எடுக்கவில்லை. (எப்படி எடுப்பார்கள்? பிறத்தியாரின் பையைத் திறந்து கை விடக்கூடாது என்று வளர்ந்தவர்கள்தானே பை வாங்கி மடியில் வைப்பார்கள்.)

"ஏறுங்க, பஸ்ஸப் புடிச்சிரலாம்."

ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தம்பி, அவர் அடுத்த தரிப்பில இறங்கி என்னைத் தேடிக்கொண்டு இஞ்ச வந்தால்? நான் இருக்கமாட்டனே."

இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கதை அகப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். துரத்திப் போனால், அந்த ஆள் திரும்பி வரமாட்டார் என்று தீர்ப்பு எழுதியதாகும். நின்றால், முன்பின் தெரியாத ஒருவரை நம்பிக் கணவரின் உயிரைத் தரிப்பில் வைத்தது போலாகும். அவளை அங்கேயே நிறுத்திவைத்து இரண்டு பக்கம் எழுதத் தயாரானேன்.

பௌஸி கெடுத்துவிட்டார்.

"அப்ப நீங்க நில்லுங்க, நான் போறன். பை என்ன கலரு?"

"கடும் நீலம்."

"இந்தாங்க" என்று தன் போனை அவள் கையில் திணித்தார். "உங்கட நம்பருக்கு அடிச்சிட்டே இருங்க." பெயர் கேட்கவில்லை. தன் பெயரைச் சொல்லவுமில்லை. அவர் பெயர் பௌஸி என்பது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். திறீவீல், பஸ் போன பம்பலப்பிட்டிப் பக்கமாகப் பறந்தது. நான் எழுத நினைத்த இரண்டு பக்கமும் அதோடு போயிற்று.

6

சாந்தகுமாருக்கு முடிவு வேண்டும், பக்கங்களைப் பூட்டி அச்சுக்கு அனுப்பப்போகிறார்களாம். பௌஸி பஸ்ஸைப் பிடித்துப் பையோடு திரும்பி வருவதாக எழுதிப் பார்த்தேன். எழுதிவிட்டு நானே நம்பவில்லை. அந்த நேரத்துக் காலி வீதி எனக்குத் தெரியும்.

பிறகு இன்னொன்று. அந்தக் கைக்காரர் தன் இடம் வந்ததும் பையைச் சீற்றில் வைத்துவிட்டு இறங்கிப் போகிறார். ஆளில்லாத பை, உள்ளே ஏதோ அடிக்கிறது. ஒரு பெண் கூக்குரலிடுகிறாள். கண்டக்டர் இரண்டு விரலால் பையைத் தூக்கி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து...

முடிக்கவில்லை. இது நடக்கக்கூடியதுதான், அதுதான் துக்கம். இதில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. பயந்தவர்கள் மட்டும்தான்.

பை பத்திரமாக வந்து, லாப் திறந்திருந்து, முடிவு மோசமாக வருகிற ஒரு கதையும் இருக்கிறது. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர்கள் போத்தலைக் கொண்டுவந்து சேர்க்கலாம், அதற்குள் கிடப்பதை மாற்ற அவர்களால் ஆகாது.

7

சுபோதினி அறுந்த செருப்போடு தரிப்பில் நிற்கிறாள். பிறத்தியாரின் போனில் தன் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறாள். பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து நடந்து வருகிற ஒவ்வொரு கையையும் பார்க்கிறாள். லாப் பூட்ட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. அவள் மனதுக்குள் என்னால் போய்வர முடியும். பௌஸியின் மனதுக்குள்ளும் ஓரளவுக்கு முடியும். அந்தச் சீற்றில் இருப்பவரிடம் மட்டும் என்னால் போக முடியவில்லை. அவரை நான் இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் வெட்டியவன். அங்கே இப்போது யாரும் இல்லை.

ஆகவே அங்கே நீங்கள் இருங்கள்.

நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறீர்கள். உங்களுக்கும் கால் நோகிறது. எத்தனையோ பஸ்ஸை விட்டுக் கிடைத்த சீற் இது, உங்கள் இடம் இன்னும் தூரம். பையின் சொந்தக்காரி பஸ்ஸில் இல்லை என்பது உங்களுக்கு இப்போதுதான் விளங்குகிறது. உங்கள் சீற்றின்மேல் கண் வைத்துக்கொண்டு மூன்று பேர் நிற்கிறார்கள். எழும்பினால் அது போய்விடும். பிறகு நடந்து திரும்ப வேண்டும், அவள் அங்கே நிற்பாளா என்று தெரியாமலே.

தரிப்பு வந்துவிட்டது. கண்டக்டர் கனநேரம் நிறுத்தி வைத்திருக்கமாட்டான்.