பாப்பா என்று கூப்பிட முடியாத வீடு

“உன்னிய ஊட்ல இன்னான்னு கூப்புடுவாங்க?” என்று அண்ணனூர் ரயில் நிலைய வாசலில் கலர் கோழிக்குஞ்சு விற்கும் வேம்புலி ஜாஸ்லினைக் கேட்டார். அவளுக்கு அப்போது ஏழு வயது. பாப்பா என்று சொன்னாள். அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்குப் பிறகு, அவளைப் பாப்பா என்று கூப்பிட யார் வாய் திறந்தாலும் கோழிக்குஞ்சின் கீச் என்ற சத்தம்தான் வந்தது. மற்ற சொற்கள் எல்லாம் எப்போதும் போல வந்தன.

வேம்புலி அந்தக் கேள்வியைக் கேட்டது வியாபாரத்துக்காகத்தான். சாயம் போட்ட குஞ்சுகள் பிழைப்பதில்லை என்று ஜாஸ்லினின் அம்மா ஞானசௌந்தரி வாங்க யோசித்தாள். “பேர் வெச்சா தங்கும்மா. புதுப் பேரு ஒட்டாது, பொழங்குன பேரா குடுக்கணும். பாப்பாவுக்குத்தான் ரெண்டு பேர் கீதே, ஒண்ணக் குடுத்தா கொறஞ்சா பூடும்?” என்றார் வேம்புலி. ஜாஸ்லின் ஒரு ரோஸ் நிறக் குஞ்சைக் கையில் எடுத்து, அதன் காதருகே தன் வீட்டுப் பெயரைச் சொன்னாள். குஞ்சுக்குக் காது எங்கே இருக்கிறது என்று தெரியாததால் தலையைச் சுற்றிலும் சொன்னாள். அது தங்கியது. சாயம் உதிர்ந்து வெள்ளை இறகு முளைத்த பிறகும் தங்கியது.

அப்பா ராயப்பன் ரயில் பெட்டிப் பணிமனையில் ஷிப்டு வேலை பார்த்தார். ஞானசௌந்தரி அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைக்குக் காலர் தைத்தாள். பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறப்பது ஜாஸ்லின்தான். குஞ்சு வந்த பிறகு, திறக்கும்போதே உள்ளே ஒரு குரல் இருந்தது. அட்டைப்பெட்டிக்கு மேல் ராயப்பன் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தார். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் உட்கார்ந்து அவள் வீட்டுப்பாடம் எழுதினாள், வகுப்பில் நடந்ததையெல்லாம் அதனிடம் சொன்னாள். சாயங்காலம் ஞானசௌந்தரி வாசலில் நின்று பாப்பா என்றால் இரண்டும் ஓடி வந்தன. “நான் ஜாஸ்லின். அதான் பாப்பா” என்று மகள் திருத்துவாள். கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது என்பதில் அவள் கண்டிப்பாக இருந்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், தெருவில் தண்ணீர் ஏறியதால் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பல்பு அணைந்தது. ஜாஸ்லின் குஞ்சைப் பள்ளிக்கூடப் பாவாடையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். ஞானசௌந்தரி முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு வந்து சேர்ந்தபோது மகள் அதே இடத்தில் இருந்தாள். மடியில் இருந்தது குளிர்ந்திருந்தது. மழை விட்டதும் ராயப்பன் காம்பவுண்டு ஓரத்து முருங்கை மரத்தடியில் குழி தோண்டினார். “இதுக்குப் பூச கெடையாதா?” என்று ஜாஸ்லின் கேட்டாள். சும்மா தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் ஞானசௌந்தரி மறுநாளே மாதா கோயிலுக்குப் போய், கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கும் உபதேசியாரிடம் பாப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞானஸ்நானத்துக்கு முன்பே குழந்தையைப் பறிகொடுத்தவர்கள்தான் பாப்பா என்று பெயர் கொடுப்பார்கள். உபதேசியார் அப்படிப் பல வருடமாகப் பார்த்தவர். அதனால் அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கல்லறைத் திருநாள் அன்று, மெழுகுவத்திகளுக்கும் சாமந்திப் பூக்களுக்கும் நடுவே, அவர் ஒலிபெருக்கியில் வாசித்தார்: அண்ணனூர் ராயப்பன், ஞானசௌந்தரி ஆகியோரின் மகள் பாப்பா. கூடியிருந்தவர்கள் நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே என்றார்கள். ஜாஸ்லினும் மெழுகுவத்தியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே சொன்னாள். அன்று சாயங்காலம் சாப்பிடக் கூப்பிடுவதற்காக ஞானசௌந்தரி அடுப்படியிலிருந்து வாய் திறந்தபோது, முதல் கீச் வந்தது.

ஜாஸ்லின் எழுந்து அட்டைப்பெட்டியிடம் ஓடினாள். உள்ளே கையை விட்டுத் துழாவினாள். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினாள். ராயப்பன் அவளைத் தூக்கி நிறுத்தி ஆறுதலாகக் கூப்பிடப் போனார். அவருக்கும் கீச்தான் வந்தது. அவள் மறுபடியும் ஓடினாள்.

முதல் வாரம் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார்கள். ஆவடியில் காது மூக்குத் தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பாப்பா என்று சொல்லச் சொன்னார். மகளை நினைக்காமல் சொன்னதால் ராயப்பனுக்குத் தெளிவாக வந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாடியில் குடியிருந்த கோமளா கோயம்புத்தூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவள். “கீழ கோழி வளக்கறீங்களாங்க? மீட்டிங்ல எல்லாருக்கும் கேக்குதுங்க” என்று படியிறங்கி வந்து கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் ஜாஸ்லினைப் பார்த்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவளுக்கும் அதே சத்தம் வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு மேலே போனாள். கோயில் பங்கு மக்கள் சிலர் இறந்த குழந்தைக்காகத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். கோழிக்காகச் சொன்னது என்று சொல்ல ஞானசௌந்தரிக்குக் கூச்சமாக இருந்தது. வந்தவர்களுக்கு ஜாஸ்லின்தான் டீ கொண்டு வந்து கொடுத்தாள். “மூத்தது ஒண்ணாவது நிக்குதே” என்று அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

ராயப்பன் ஒருநாள் ரயில் நிலைய வாசலில் வேம்புலியைப் பிடித்தார். “இன்னா அண்ணாத்தே, பேர வாங்கிகினு பூட்டியே” என்றார். வேம்புலி கூடையைக் கீழே இறக்கி வைத்தார். “குஞ்சுன்னா மாத்திக் குடுப்பேன் நைனா. பேரை நான் வாங்கல, அதுதான் வாங்கிக்கிச்சு. அது செத்த எடத்துல போயி கேளு” என்றார். ராயப்பன் அன்று வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காதபோது முருங்கை மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் அப்படிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கீச்சுக்கும் மகள் பெட்டியிடம் ஓடுவதைப் பார்க்க முடியவில்லை. ஜாஸ்லின் என்று கூப்பிட்டால் அவள் எங்கே இருந்தாலும் நிமிர்ந்து, “பிரசென்ட் மிஸ்” என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தாள். கண்ணு, செல்லம், தங்கம் எல்லாம் பார்த்தார்கள். எதுவும் அவள் மேல் நிற்கவில்லை. கொஞ்ச காலத்தில் கூப்பிடுவதே நின்றுபோனது. சாப்பாடு தயார் என்றால் தட்டைச் சத்தமாக வைத்தார்கள். எழுப்ப வேண்டுமென்றால் மின்விசிறியை நிறுத்தினார்கள். அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தினமும் பள்ளி விட்டு வந்ததும் காலிப் பெட்டிக்கு மேல் பல்பைப் போட்டு, அதன் அருகில் உட்கார்ந்து எழுதினாள். மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதுகூட அந்த வீடு பூட்டிக் கிடப்பது போலத் தெருவுக்குத் தெரிந்தது. கேபிள்காரர் மாதக்கணக்கில் ஆளில்லை என்று திரும்பிப் போயிருக்கிறார். வருடங்கள் அப்படியே போயின.

ஜாஸ்லின் ஆவடியில் உள்ள பெரிய பள்ளிக்கு மாறி, தினமும் ஒரு ஸ்டேஷன் ரயிலில் போய் வரத் தொடங்கிய பிறகு ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. மத்தியானமே பள்ளியை விட்டார்கள். அவள் ஏறிய ரயில் ஆவடியைத் தாண்டி, பணிமனைக்குச் சற்று முன்னால், தண்டவாளம் முங்கியதால் நின்றது. சிறிது நேரத்தில் பெட்டிகளில் விளக்கும் அணைந்தது. வானம் இருட்டிக் கிடந்தது. விஷயம் தெரிந்ததும் ராயப்பனும் கூட வேலை செய்யும் தங்கவேலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜல்லிக் கல் மேல் நடந்தார்கள். தண்ணீர் தொடை வரை இருந்தது. ராயப்பனின் நினைவு முழுக்க அணைந்த பல்பிலேயே இருந்தது. அந்தக் குஞ்சு குளிர்ந்து போக ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

பெட்டிக்குப் பெட்டி நெரிசல். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஜாஸ்லின் என்று கத்தினார். எங்கிருந்தோ “பிரசென்ட் மிஸ்” என்று வந்தது போல இருந்தது. எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. மறுபடி கத்தினார். இந்த முறை அதுவும் வரவில்லை. அவர் ரயிலோடு ஒட்டி நின்று, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வருடக் கணக்காக வாயில் வைத்திருந்ததைத் திறந்து விட்டார்.

கீச்.

வளர்ந்த ஆம்பளையின் நெஞ்சிலிருந்து வந்ததால் அது ரயிலின் நீளத்துக்கும் கேட்டது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். “இன்னா மாமே, இந்த மழைல கோழி புடிக்க வந்தியா?” என்று ஒரு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. தங்கவேல் அவனை அதட்டினார். ராயப்பன் இன்னொரு முறை கூப்பிட்டார். பெண்கள் பெட்டியில், கதவுக்குப் பக்கத்தில், இருட்டுக்குள்ளிருந்து மெல்லிய ஒரு கீச் பதிலுக்கு வந்தது. டார்ச்சைத் திருப்பினால், நனைந்த பையை மடியில் கட்டிக்கொண்டு ஜாஸ்லின் உட்கார்ந்திருந்தாள். “நான்தாம்பா” என்றாள். உதடு நீலமாக இருந்தது. ராயப்பன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். தூக்குகிற வயது தாண்டியிருந்தாள். தண்ணீரில் நடந்து வரும் வழியெல்லாம் அவர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அவளும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. அட்டைப்பெட்டி மிதந்து எங்கோ போயிருந்தது. யாரும் தேடவில்லை. ஞானசௌந்தரி கட்டில் மேல் ஸ்டவ்வை வைத்துக் காபி போட்டுவிட்டு, மகளைப் பார்த்து, கொஞ்சம் பயந்துகொண்டே, கீச் என்றாள். ஜாஸ்லின் எங்கும் ஓடாமல் டம்ளருக்குக் கை நீட்டினாள்.

இப்போது அந்தத் தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். கோமளா மாடியிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். உபதேசியார் விசாரிக்கும்போதும் அப்படித்தான் விசாரிக்கிறார், அவருக்கு வேறு மாதிரி வருவதில்லை. அவள் இன்னமும் அதிகம் பேசுவதில்லை. பத்தாவதோடு பள்ளிக்கும் போகவில்லை. பகலில் தனியாகத்தான் இருக்கிறாள், ஆனால் சாயங்காலம் கூப்பிட ஆள் வரும் என்று தெரிந்த தனிமை அது.

போன மாதம் வேம்புலி சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு வந்தார். தலை நரைத்துவிட்டது. ரோஸ், பச்சை, மஞ்சள் என்று கூவிக்கொண்டே வந்து, கேட்டருகில் நிற்பவள் யார் என்று தெரியாமல், ஒரு ரோஸ் நிறக் குஞ்சை எடுத்து நீட்டினார். ஜாஸ்லின் அதைக் கையில் வாங்கி, கழுத்தைத் தடவி, திருப்பிக் கொடுத்தாள். அந்த நேரம் வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருந்த ஞானசௌந்தரி உள்ளேயிருந்து மகளைக் கூப்பிட்டாள்.

கூடையிலிருந்த குஞ்சுகள் அத்தனையும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கி வீட்டைப் பார்த்தன. ஜாஸ்லின் பதில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வேம்புலி கையிலிருந்த குஞ்சைக் கூடையில் விட்டு, வலையை இழுத்து மூடினார். தெருமுனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.