ஜீப்புக்கு ஊதாத சைரன்

அமுதவள்ளியின் கருவி யானையின் காலடி கேட்டால் ஊதும். தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத் தென்னந்தோப்பு ஓரமாக மண்ணுக்குள் அதிர்வு உணரிகளைப் புதைத்திருந்தாள். அவை அனுப்பும் அதிர்வில் வேண்டாததை சர்க்யூட்டில் இருக்கும் ஃபில்டர் கழித்துவிடும். மிச்சம் யானைதான் என்று தெரிந்தால் தோப்பில் நட்ட கம்பத்தின் உச்சியில் இருக்கும் சைரன் அலறும். டாக்டர் பட்டத்துக்காகப் போடியிலிருந்து பஸ்சில் வந்து வந்து, வருஷக்கணக்கில் மாரடித்த வேலை.

தோப்புக்காவலர் வீரணன் ராத்திரி முழுக்கப் பரண்மேல் கொட்டக் கொட்ட விழித்திருந்து தகரம் தட்டுகிற மனிதர். அவரைத் தூங்க வைத்தது அமுதவள்ளிதான்.

"மிஷினு முழிச்சிருக்கும்ணே. நீங்க நிம்மதியாத் தூங்குங்க. ஊதுச்சுன்னா வெரசாப் பரண்ல ஏறிக்கங்க, போதும்."

"நீ சொன்னாச் சரித்தான் ஆத்தா."

அன்றைக்கே பரணை விட்டு இறங்கி, மோட்டார் ரூமு வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

வினை ஜீப்பில் வந்தது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் அந்த மண்ரோட்டில் பேயாய்ப் பறக்கும். ஒவ்வொன்றுக்கும் சைரன் ஊதித் தொலைத்தது. அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் பால்சாமிக்குப் பொறுக்கவில்லை. தோப்பு மண்ணை ஒருநாளும் மிதித்தறியாத ஆள். ஆனால் கட்டுரைகளில் முதல் பெயர் அவருடையதுதான்.

"நிதி குடுக்கிற குழு வர்றப்ப ஒரு ஜீப்புக்கு ஊதுச்சு, பட்டத்தை மறந்துரு. ஃபில்டரை இறுக்கு."

"இறுக்குனா ஈர மண்ணுல யானை நடக்கிறதும் சிக்காது சார்."

"மழை பெய்யட்டும், அப்பப் பாத்துக்கலாம்."

இறுக்கினாள். வீரணனிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் வெள்ளந்தி, யார் கேட்டாலும் உளறிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டாள். குழு வந்தது. ஜீப்புகள் போயின. கருவி மூச்சுவிடவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், கல்லூரியிலேயே இருந்துவிட்ட பால்சாமிக்கு மாலை விழுந்தது.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் கிடக்கும் கட்டில் அவளுக்கு ஞாபகம் வரத்தான் செய்தது. ஒரு போன் போட்டு, பரண்மேல் படுங்கண்ணே என்றிருந்தால் போதும். ஏன் என்று கேட்பாரே! காலையில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

விடிந்ததும் போன் வந்தது. கட்டில் நொறுங்கிக் கிடக்கிறதாம், வீரணனும்.

பஸ்சில் அழுதுகொண்டேதான் போனாள், அதில் பொய்யில்லை. ஆனால் பிணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் யார் கண்ணிலும் படாமல் கம்பத்தடிக்குப் போய், பெட்டியைத் திறந்து ஃபில்டரைப் பழையபடி தளர்த்தினாள்.

ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. சைரன் சத்தம் ஊர்வரை எட்டாது என்பதால், ராத்திரி அது ஊதியதா என்று யாருக்கும் தெரியவில்லை. வனக்காவலர் உலக்கையால் தரையைக் குத்திப் பார்க்கச் சொன்னார். குத்தினார்கள். தோப்பே அதிர சைரன் அலறியது.

"நல்லாத்தானய்யா ஊதுது," என்றது கூட்டம்.

"பாவம், அசந்துட்டாரு போல," என்றார் பால்சாமி. அன்றைக்குத்தான் அவர் காலில் தோப்பு மண் பட்டது.

வீரணனின் மனைவி மாயக்காள், பிணத்தின் பக்கத்திலிருந்து அமுதவள்ளியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆத்தா, ராத்திரியும் இப்பிடித்தான் ஊதுச்சா?"

இல்லை என்று சொல்ல அமுதவள்ளி வாயைத் திறந்தாள். பால்சாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊதுச்சுக்கா."

மாயக்காள் திரும்பிப் பிணத்தின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"இம்புட்டுச் சத்தத்துக்குமா எந்திரிக்கல? குடிச்சுட்டுக் கெடந்தியா பாவி? எங்களத் தெருவுல விட்டுட்டியே!"

மறுபடியும் மறுபடியும் அறைந்தாள். கூட்டத்தில் ஒருவரும் தடுக்கவில்லை. அமுதவள்ளிதான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேணாங்க்கா, அடிக்காதீங்க."

மாயக்காள் அவள் தோளில் சாய்ந்து கதறினாள். "நீ எம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்ச சாமான் ஆத்தா! இந்த மனுசன் ஒம்பேரையும் கெடுத்துட்டானே. அவன மன்னிச்சிரு தாயி."

அமுதவள்ளி அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள்.